எண்பத்திரண்டு

பேசின் பிரிட்ஜ் இறக்கம், இரவு பதினொன்று நாற்பது.
தண்ணீர் கேன்களை எல்லாம் போட்டுவிட்டு
காலி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன்.
கை காட்டினார். நிறுத்தினேன்.
லைசென்ஸுக்காகப் பர்ஸைத் துழாவினால்
"அதெல்லாம் வேணாம். இப்டி வெளிச்சத்துக்கு வா."

ஒன்றும் செய்யவில்லை சார் என்று நான் சொல்லவில்லை.
அப்படிச் சொல்பவனைத்தான்
இரண்டாம் முறை பார்ப்பார்கள்.

போனை உயர்த்தினார்.
திரையின் மூலையில் ஒரு விரிசல்.
"தாடையத் தூக்கு. சிரிக்காத."
கல்யாணத்தன்று ஃபோட்டோகிராபர் கெஞ்சியும் வராத சிரிப்பு
அந்த நேரம் பார்த்து வந்து தொலைத்தது.

ஒரு வட்டம் சுற்றியது.
கன்னத்தில் கொசு உட்கார்ந்து
வயிறு நிறையக் குடித்துப் போனது.
கையை நான் அசைக்கவில்லை.

"எம்பத்திரெண்டு" என்றார் பக்கத்தில் நின்றவரிடம்,
காய்ச்சலை அளந்து சொல்வதுபோல்.

பத்தாவதில் ஒரு பாடத்தில்கூட
எண்பதைத் தொடாதவன் நான்.

"யார் மாதிரி சார்?"
காட்டக்கூடாது என்றார்.
பாவம் பார்த்தோ, தூக்கம் கலையவோ
கொஞ்ச நேரம் கழித்து அவரே காட்டினார்.

மேலிருந்து எடுத்த படம்.
கால்வாய்க் கரை. புல்டோசருக்கு முன்னால்
ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் ஐம்பது அறுபது பேர்.
எல்லாம் தலைமுடியும் முக்காடும்.
ஒருவன் மட்டும் அண்ணாந்திருக்கிறான்.
அவனைச் சுற்றிப் பச்சையில் ஒரு கட்டம்.
பெயர் தெரியாத நபர், நாற்பத்தாறு.

ஸ்டேஷனில் பெயர் தெரிந்த நபர் ஆனேன்.
தேசிங்கு, தகப்பனார் பெயர் முனிரத்தினம்,
பத்து விரல், போனின் பேட்டர்ன்,
இடது முகம், வலது முகம்.
பால் வண்டிகள் போகிற நேரத்தில் விட்டார்கள்.
"நீ இல்ல, போ. படம் மட்டும் இருக்கும்."
எத்தனை நாளைக்கு சார்?
அவருக்குத் தெரியவில்லை.
மறைக்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

மீசையை எடுத்தேன்.
அடுத்த வாரம் மூலக்கடையில் எழுபத்தொன்பது.
ஆக, என் மீசையின் மதிப்பு மூன்று.
"மூக்க என்னா பண்ணுவ?" என்றாள் கன்னிகா
சோற்றைப் போட்டுக்கொண்டே.

மிச்சம் பதினெட்டுதான் நான்.
ஒன்பது வயதில் மாஞ்சா நூல் கிழித்த புருவத் தழும்பு,
ஒரு பக்கம் மடிந்த காது,
அப்புறம் என்ன இருக்கிறது என்று
கண்ணாடி முன் நின்று எண்ணிப் பார்த்தேன்.
பதினெட்டு வரவில்லை.

பிறகு எங்கள் தெருவுக்கே நோட்டீஸ் வந்தது.
டேப்லெட்டோடு வந்த பெண்
வாசலில் நிற்கவைத்து ஒவ்வொரு முகமாக வாங்கினாள்.
முகம் கொடுத்தால்தான் மாற்று வீடு,
கொடுத்தால்தான் காலி செய்யவும் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை முச்சந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.
கன்னிகா முன்வரிசையில், மடியில் சின்னவள்.
நான் டீக்கடை ஓரம்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன்.
மாஸ்டர் கேட்டார்: "டீய எதுலப்பா ஊத்துறது?"

மேலே வண்டுச் சத்தம் கேட்டது.
ஒரே நேரத்தில் எல்லாத் தலையும் குனிந்தன.
சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரியவில்லை.
சின்னவள் மட்டும் கை நீட்டி
"பட்டம்" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது.
இந்தப் பக்கத்தில் வளர்ந்தவன்
எது பறந்தாலும் பார்ப்பான்.
நாற்பத்தாறு செய்தது அவ்வளவுதான்.

கன்னிகா அவள் கையை இறக்கிவிடவில்லை.

ஹெல்மெட்டின் கண்ணாடியில் அது
ஒரு புள்ளியாக ஊர்ந்து போனது.
கழுத்துக்குக் கீழே வாரில் என் விரல்கள் இருந்தன.
எப்போது அங்கே போயின,
தெரியவில்லை.